ஓய்வுக்காக ஒரு சங்கிலி ஜெபம்

திருநகரில் எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை, சனிக்கிழமை மாலையே வந்துவிடும். வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு வேலை ஏவும். பாடகர் குழுவின் அங்கிகளை இஸ்திரி போடு. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அட்டையில் ஆட்டுக்குட்டி வெட்டு, வாலுக்குப் பஞ்சு ஒட்டு. விடிவதற்குள் கிளம்பினால் முதல் ஆராதனை, அது முடிந்தால் ஞாயிறு பள்ளி, பிறகு இரண்டாம் ஆராதனை, பெண்கள் ஐக்கியம், மதியச் சோற்றை வாயில் போட்டுக்கொண்டே வீடு சந்திப்பு, மாலையில் வாலிபர் கூட்டம், அதன் வாலில் அடுத்த வாரத்துக்கான பாட்டுப் பயிற்சி. இது எல்லாவற்றுக்கும் சேர்த்து எங்கள் சபையில் ஒரு பெயர் உண்டு. ஓய்வுநாள்.

என் மனைவி ஒரு தனியார் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறாள். வாரம் முழுக்க ஒளியும் விசையும் அலையும் அவள் தொண்டையிலிருந்து புறப்பட்டு, கடைசி பெஞ்சில் தலை கவிழ்ந்திருப்பவன் காது வரை போய்ச் சேரும். வாரக் கடைசியில் அதே தொண்டையைக் கழுவித் துடைத்துக்கொண்டு கோயிலுக்கு வருவாள். பாடகர் குழுத் தலைவி அவள்தான். ஞாயிறு பள்ளிப் பொறுப்பும் அவளுக்குத்தான். பெண்கள் ஐக்கியத்தில் என்னவாக இருக்கிறாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. ஆனால் மைக் அவள் கையில் இருக்கும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் வேலை. வசனத்துக்கும் கவிதைக்கும் நடுவில் ஏதோ எழுதுகிறேன். நடந்துகொண்டே எழுதுகிறேன், ஏனென்றால் உட்கார்ந்தால் எனக்கு எதுவும் வராது. சொல்லப்போனால் உட்காரவே வராது. பிரசங்கத்தின் நடுவில் எழுந்து போய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டுகிறவன், காணிக்கைப் பை எடுக்க ஆள் வராதபோது தாவிப் போய் எடுக்கிறவன், தூறல் விழுந்தால் ஜன்னல் சாத்த ஓடுகிறவன் நான்தான். சும்மா இருக்கத் தெரியாத ஒருவனைப் பார்த்தால் சபை அவனைப் பக்திமான் என்று நினைத்துக்கொள்கிறது. அப்படித்தான் கமிட்டிக்குள் வந்து சேர்ந்தேன்.

இத்தனைக்கும் எங்கள் வேதம் ஓய்வோடுதான் தொடங்குகிறது. ஆண்டவர் மனிதனை ஆறாம் நாளில், எல்லாம் முடிந்த கடைசியில் படைத்தார். மறுநாள் விடிந்தால் ஓய்வுநாள். அதாவது, மனிதன் இந்தப் பூமியில் கண்ட முதல் விடியலே விடுமுறை. வேலைக்குச் சேர்ந்த மறுநாள் லீவு. எதையும் சம்பாதிக்காமல், யாருக்கும் எதையும் நிரூபிக்காமல் அவன் கைக்கு வந்த நாள் அது. முதலில் இளைப்பாறு, பிறகு தோட்டத்துக்குப் போ என்பதுதான் அவர் வைத்த வரிசை. நாங்கள் அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, அதைக் கவனித்துக்கொள்ள ஒரு கமிட்டியும் போட்டுவிட்டோம்.

அறுப்பின் பண்டிகைக்கான பாட்டுப் பயிற்சியில் அவள் குரல் போனது. உச்சத்துக்கு ஏற வேண்டிய இடத்தில் ஏறினாள். அங்கே குரல் இல்லை, காற்று மட்டும் இருந்தது. ஏணியின் கடைசிப் படியில் கால் வைத்தவளுக்குப் படி இல்லாமல் போனதுபோல ஒரு முகம். எல்லாரும் தண்ணீர் கொடுத்தார்கள். ஒருவர் பனங்கற்கண்டு கொடுத்தார். ஒருவர் சித்தரத்தை கொடுத்தார். இன்னொருவர், "விசுவாசத்தோட இன்னொரு தடவை எடுங்க சிஸ்டர், வந்துரும்" என்றார். அவள் விசுவாசத்தோடு இன்னொரு தடவை எடுத்தாள். அத்தோடு பேச்சும் போய்விட்டது.

கே.கே. நகரில் தொண்டை மருத்துவர் ஒரு அம்மா. மெல்லிய குழாயை விட்டுத் திரையில் காட்டினார். இரண்டு வெளிறிய குரல் தந்திகள், இரண்டிலும் எதிரெதிரே வேகவைத்த ஜவ்வரிசி ஒட்டிக்கொண்டதுபோல ஒவ்வொரு புடைப்பு.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"டீச்சர்" என்றேன், அவளுக்குப் பதிலாக.

"பாடுவீங்களோ?"

"எங்க கோயில்ல கொயர் லீடர்."

"லீவு நாள்லயாவது தொண்டைக்கு ரெஸ்ட் கொடுப்பீங்களா?"

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"மூணு வாரம் பேசவே கூடாது மேடம். குசுகுசுன்னும் பேசக் கூடாது, அது இன்னும் மோசம். கனைக்கக் கூடாது. மனசுக்குள்ள பாடக்கூட வேணாம், தொண்டை தன்னால அசையும். அப்படி இருந்தீங்கன்னா கரைஞ்சிரும். இல்லைன்னா கத்தி வைக்கணும். வச்சா குரல் வரும். ஆனா ஒரு ரூம் நிறைய பிள்ளைங்களுக்கு முன்னாடி நின்னு நாள் முழுக்கப் பேசுற குரல் வருமான்னு கேட்டா, நான் உறுதி சொல்ல மாட்டேன்."

வண்டியில் திரும்பும்போது என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டவள், வீடு வரும் வரை எடுக்கவில்லை. பள்ளி நிர்வாகம் விடுப்புக் கொடுத்தது. குரல் சரியாகாவிட்டால் நூலகத்தில் ஓரிடம் பார்க்கலாம் என்றும் மிக அன்பாகச் சொன்னது. அன்று மாலை, பிள்ளைகள் எழுதும் சின்ன வெள்ளைப் பலகை ஒன்றை வாங்கி வந்து கொடுத்தேன். அவள் அதில் எழுதிய முதல் வரி: "கிளாஸ் போயிருச்சுன்னா நான் யாருங்க?"

பதில் தெரியாதவன் எழுந்து நடப்பான். நடந்து நேரே போதகர் வீட்டுக்குப் போனேன்.

எங்கள் போதகர் நல்ல மனிதர். அதுதான் அவருடைய கஷ்டம். எங்கள் சபை போக, உசிலம்பட்டிப் பக்கம் இரண்டு கிராமச் சபைகளும் அவர் பொறுப்பு. இங்கே இரண்டாம் ஆராதனை முடிந்து ஆசீர்வாதத்துக்குத் தூக்கிய கையை இறக்கிய கையோடு ஸ்கூட்டரைக் கிளப்புவார். கிராமத்தில் ஆராதனை நடத்தி, ஒரு வீட்டில் சாப்பிட்டு, அவர் சாப்பிடாத இன்னொரு வீட்டைச் சமாதானப்படுத்தி, பிற்பகலில் திரும்பி வந்து வீடு சந்திப்புக்குக் கிளம்புவார். கண்ணுக்குக் கீழே இரண்டு பைகள் தொங்கும், காணிக்கைப் பைபோல, எப்போதும் விரித்தபடி. நான் விஷயத்தைச் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சிக்கு ஓய்வு வேணும் பிரதர். நாம ஊக்கமா ஜெபிப்போம். யார்கிட்டயாச்சும் சொல்லட்டுமா, வேணாமா?"

"ஜெபக் குறிப்பா மட்டும் சொல்லுங்க ஐயா" என்றேன்.

எங்கள் ஊரில் ஒரு விஷயம் பரவ வேண்டுமென்றால் ஆட்டோவில் மைக் கட்டத் தேவையில்லை. ஜெபக் குறிப்பாகக் கொடுத்தால் போதும். அந்த ஞாயிறு பீடத்திலிருந்து அறிவிப்பு வந்தது: நம் சகோதரிக்கு முழுமையான ஓய்வும் அமைதியும் தேவைப்படுகிறது, ஆகவே சபையார் அனைவரும் தவறாமல் வீட்டுக்குப் போய்ச் சந்தித்து ஜெபிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

வந்தார்கள். அன்பென்றால் அப்படி ஓர் அன்பு. சாத்துக்குடியோடு வந்தார்கள், பன் ரொட்டியோடு வந்தார்கள், தைலத்தோடு வந்தார்கள். வந்த ஒவ்வொருவரும் வாசலிலேயே, "பேசாத, பேசாத, ஒண்ணும் பேசாத" என்று கையை ஆட்டிக்கொண்டே உள்ளே வந்து, உட்கார்ந்து, "சொல்லு, எப்படி ஆச்சு?" என்றார்கள்.

அவள் பலகையில் எழுதிக் காட்டினாள். கடைசித் தெருவிலிருந்து வந்த ஒரு அத்தை, பெண்கள் ஐக்கியத்தின் மூத்த அங்கத்தினர், பலகையை வாங்கி எட்டப் பிடித்தார், கிட்டப் பிடித்தார், முந்தானையால் துடைக்கவும் துடைத்தார். நல்லவேளை, பாதிதான் அழிந்தது.

"கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன் தாயி. என்ன எழுதியிருக்கன்னு நீயே கொஞ்சம் வாசிச்சுச் சொல்லிரு."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஓடி வந்து வாசித்தேன். "பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்கன்னு எழுதியிருக்கா அத்தை."

"ஆமா, பேசக் கூடாது" என்றார் அத்தை. "இந்தக் காலத்து டாக்டருங்க அம்புட்டுக்கும் பயமுறுத்துவாங்க. வாயத் தொறந்து ஸ்தோத்திரம்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாரு. ஆண்டவர் பேருக்குக்கூடவா தொண்டை வலிக்கும்?"

அந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்தக் கிறிஸ்தவப் பெண்ணாலும் பலகையில் பதில் எழுத முடியாது. அவள் உதட்டை மட்டும் அசைத்தாள். அத்தைக்குக் கேட்கவில்லை. "என்னது?" என்றார். இரண்டாம் முறை கொஞ்சம் காற்று சேர்ந்து வந்தது. அத்தை கண்ணீர் விட்டார். வெளியே போய், "நான் போய் ஜெபிச்சேன், பேசிட்டா" என்று சொல்லிவிட்டார். மறுநாள் இரு மடங்கு பேர் வந்தார்கள், அவளைப் பேச வைக்க.

இந்த இடத்தில் சபைச் செயலாளரைச் சொல்ல வேண்டும். தாசில்தாராக இருந்து பணி நிறைவு பெற்றவர். அலுவலகத்தை விட்டு வந்தாரே தவிர அலுவலகம் அவரை விட்டுப் போகவில்லை. எங்கள் வீட்டில் கூட்டம் ஒழுங்கில்லாமல் வருவதைப் பார்த்து மனம் நொந்து போனார். "தம்பி, இப்படித் தெறிச்சுத் தெறிச்சு வந்தா பிள்ளைக்கு எங்க ரெஸ்ட் கிடைக்கும்? ஒரு முறை வேணாமா? சங்கிலி ஜெபமா வச்சிருவோம். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும். ஒருத்தர் எந்திரிச்சா அடுத்தவர் உக்காரணும். நடுவுல அறுபடவே கூடாது."

"எங்கண்ணே வைக்கிறது?"

"உங்க வீட்டுலதான். வியாதிக்காரங்க இருக்குற இடத்துல வச்சாத்தான அதுக்கு அர்த்தம்?"

ஜெபிக்க வருகிறவர்களை வேண்டாமென்று சொல்வது எங்கள் வழக்கத்தில் இல்லை. கடன்காரரைத் திருப்பி அனுப்பலாம், சம்பந்தம் பேச வந்தவர்களைத் திருப்பி அனுப்பலாம். ஜெபத்தை வாசலிலிருந்து திருப்பி அனுப்பிய குடும்பம் என்று ஒன்று இருந்தால் அதைப் பற்றி மூன்று தலைமுறை பேசும். ஆகவே எங்கள் கூடத்தில், ஒரு பெண்ணின் ஓய்வுக்காக, அறுபடாமல் ஒரு நாள் முழுக்க ஜெபம் நடந்தது. சத்தமாக நடந்தது. ஒரு கண்ணிக்கும் மறு கண்ணிக்கும் நடுவில் ஒரு பாட்டு. ஒவ்வொரு பாட்டும் அவள் கற்றுக்கொடுத்த பாட்டு. கதவுக்குப் பின்னால் நின்று அவள் கழுத்தைப் பார்த்தேன். யாரோ சுருதி விலகும்போதெல்லாம் அது தன்னால் ஏறி இறங்கியது. பிறகு அவள் சமையற்கட்டுக்குப் போனாள். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு டீ.

அந்த வாரமே செயலாளர் இன்னொரு காரியமும் செய்தார். நோய் நாடி நோய் முதல் நாட வேண்டும் என்பது அவர் கட்சி. ஆண்கள் ஐக்கியம் சார்பில் நாகமலைப் பக்கம் ஒரு மண்டபத்தில் "வேலையும் இளைப்பாறுதலும்" என்று ஒரு நாள் முகாம். ஒருங்கிணைப்பாளர் நான். பந்தல் நான், மைக் நான், சாம்பார் நான். விடியற்காலைத் தியானத்தில் தொடங்கி மூன்று பிரசங்கம், இரண்டு குழு விவாதம், ஒரு வினாடி வினா. மூன்றாவது பிரசங்கியார் வெளியூரிலிருந்து வந்தவர். ஆண்டவர் நம்மை இளைப்பாற அழைக்கிறார் என்று உரத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தபோது, மத்தியானச் சோறும் மலைக்காற்றும் சேர்ந்து வேலை செய்ததில், பின்வரிசையில் நாலைந்து பேர் அந்த அழைப்பை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். பிரசங்கியார் மேசையைத் தட்டினார்.

"தூங்காதீங்க பிரதர்! இளைப்பாறுதலைப் பத்திதான பேசிக்கிட்டிருக்கேன்!"

நான் மண்டபத்துக்கு வெளியே வந்து சாம்பார் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தேன். வேதத்தில், வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடிக்குக் கீழே விழுந்து, போதும் ஆண்டவரே, என்னால் முடியாது என்று கிடந்த ஒரு தீர்க்கதரிசியை நினைத்துக்கொண்டேன். அவரிடம் ஒரு தூதன் வந்தான். முகாம் நடத்தவில்லை. எழுந்து சாட்சி சொல் என்று சொல்லவில்லை. சூடாக ஓர் அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்தான். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். தூதன் பேசாமல் இருந்தான். பரலோகத்திலேயே அந்தத் தூதனுக்கு மட்டும்தான் நோயாளியை எப்படிப் பார்ப்பது என்று தெரியும்போல. அவனை எங்கள் சபைக்கு மாற்றல் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

பாதித் தவணையில் டாக்டரம்மாவிடம் போனோம். குழாய், திரை, இரண்டு தந்திகள். புடைப்புகள் சிறுக்கவில்லை. ஒன்று சிவந்திருந்தது.

"பேசுனீங்களா?"

அவள் தலையாட்டினாள், இல்லையென்று. பிறகு ஆமென்று. பிறகு கண் நிரம்பிவிட்டது.

"வீட்டுக்கு ஆளுங்க வாராங்களா சார்?"

"ஜெபிக்க வாராங்க டாக்டர்."

"நல்ல விஷயம். அவங்க வீட்டுல இருந்து ஜெபிச்சாக் கேக்காதா?" கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "இன்னிக்கு இருந்து மறுபடி முதல்ல இருந்து எண்ணுங்க. இந்தத் தடவையும் குறையலைன்னா ஆபரேஷன்தான். அதுக்கு அப்புறம் கிளாஸைப் பத்தி என்கிட்ட கேக்காதீங்க."

வீட்டுக்கு வந்ததும் அவள் பலகையை எடுத்தாள். எழுதியது ஒரே வரி: "வாசல்ல நில்லுங்க. என்னால நிக்க முடியல."

அடுத்த ஞாயிறு நான் கோயிலிலிருந்து முதல் ஆராதனை முடிந்ததும் வந்துவிட்டேன். மதியம் அவள் சாப்பிட்டு, அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தாள். கார் நிறுத்துவதற்கென்று கட்டி, காரே வராமல், பிளாஸ்டிக் நாற்காலிகள் மட்டும் அடுக்கியிருக்கும் போர்ட்டிகோவில் நான் கேட்டைப் பார்த்து நின்றேன். நடக்க முடியாது, நடந்தால் செருப்புச் சத்தம். கேட்டைத் தொட முடியாது, தொட்டால் கிறீச்சிடும். என் வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குக் கொடுக்கப்பட்ட ஊழியம், ஒன்றும் செய்யாமல் இருப்பது. அது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றுதான் தெரிந்தது. வெயில் தார்ச்சாலையில் அப்பளம்போல உப்பியது. எதிர்வீட்டுக் குக்கர் விசிலடித்தது. அந்தக் குக்கர்மேல் எனக்குக் கொலைவெறி வந்தது.

அப்போது அவர்கள் வந்தார்கள். முன்னால் போதகர், ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு. பின்னால் பெண்கள் ஐக்கியத்தார், பாட்டுப் புத்தகங்களோடு. கண்ணாடியோடு அந்த அத்தையும்.

"ஸ்தோத்திரம் பிரதர். தங்கச்சி எப்படி இருக்காங்க?"

"ஸ்தோத்திரம் ஐயா. தூங்குறா."

"சரி, எழுப்ப வேணாம்" என்றார் போதகர், கேட்டின் கொண்டியில் கை வைத்தபடி. "நாங்க உள்ள உக்காந்து மெதுவா ரெண்டு பாட்டு…"

நான் கொண்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம் ஐயா."

"என்ன பிரதர்?"

"ஜெபம் வேணாம் ஐயா. இன்னிக்கு மட்டும். அவ எந்திரிச்சா உங்களுக்கு டீ போடுவா. போடாம இருக்க அவளுக்குத் தெரியாது. சிரிக்கணும், தலையாட்டணும், பாட்டு எடுத்தீங்கன்னா தொண்டை ஆடும். அந்தக் குரல் போயிருச்சுன்னா அவளுக்கு கிளாஸ் போயிரும் ஐயா. அவ தூங்கட்டும்."

பெண்கள் ஐக்கியம் மூச்சை இழுத்துக்கொண்டது. அத்தை மெதுவாக, "ஜெபத்த வேணாங்குறான் பாரு, எழுதுற ஆளுன்னாலே இப்படித்தான்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். எனக்குக் கேட்கும்படியாகத்தான் மெதுவாகச் சொன்னார்.

போதகர் என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. முகத்தில் வேறு ஏதோ நடந்தது. வெகுநாளாகக் கையில் சுமந்த பாரத்தை இறக்கிவைக்கலாமா என்று யோசிக்கிறவர்போல நின்றார். பிறகு பெண்களைத் திரும்பிப் பார்த்து, "நீங்க போங்கம்மா. நான் கொஞ்சம் இருந்து பிரதரோட பேசிட்டு வாரேன்" என்றார்.

அவர்கள் போனார்கள். போதகர் கேட்டைத் தூக்கிப் பிடித்துச் சத்தமில்லாமல் திறந்து உள்ளே வந்து, போர்ட்டிகோவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்குப் புத்தி சொல்லத்தான் இருக்கிறார் என்று நினைத்து எதிரில் உட்கார்ந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"தூங்குறாங்கன்னு சொன்னீங்க பாருங்க பிரதர்…" என்று தொடங்கினார். வாக்கியம் முடியவில்லை. நாடி நெஞ்சில் இறங்கியது. தூங்கிவிட்டார்.

அப்படி ஒரு தூக்கத்தை நான் பார்த்ததில்லை. வாய் திறந்து, கை தொங்கி, ஒரு செருப்பு கழன்று, கிராமத்துப் புழுதி படிந்த வெள்ளை அங்கியோடு, எங்கள் மூன்று சபைகளின் மேய்ப்பர், ஆடுகளை அப்படியே மேய்ச்சலில் விட்டுவிட்டுத் தூங்கினார். புயலில் படகின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்கிய ஆண்டவரைப் பற்றி இதே மனிதர் எத்தனை பிரசங்கம் செய்திருக்கிறார். எல்லாவற்றிலும் புயலை அதட்டிய இடத்தைத்தான் உரக்கச் சொல்வார். தூங்கிய இடத்தில் நின்றதே இல்லை. உலகம் நான் இல்லாமலும் ஓடும், ஏனென்றால் அதை ஓட்டுகிறவன் நான் இல்லை என்று நம்புகிறவனால்தான் அப்படித் தூங்க முடியும். எங்கள் ஓட்டத்தை எல்லாம் நான் அதுவரை விசுவாசம் என்றுதான் நினைத்திருந்தேன்.

தெருவில் வெங்காய ஆட்டோ வந்தது, ஒலிபெருக்கியில் ஊரைக் கிழித்துக்கொண்டு. நான் கேட்டைத் தாண்டி ஓடினேன்.

"அண்ணே, கொஞ்சம் மைக்க அமத்துங்க. ஐயா இருக்காரு."

"பாதிரியாரா? ஜெபமா நடக்குது?"

"இல்லண்ணே, தூங்குறாரு."

"அப்பச் சரி" என்று அணைத்தார். "ஜெபம்னா எங்க மைக்க விட உங்க சத்தம்ல பெருசா இருக்கும்."

வெங்காயம் தெருமுனை வரை மௌனமாகப் போயிற்று.

நான் எதிர்பாராத ஒன்று அதன் பிறகு நடந்தது. செயலாளர் இன்னும் இரண்டு மூப்பர்களோடு எங்கள் தெருவுக்குள் வந்தார். போதகர் சாய்ந்திருந்த நாற்காலி மதில் மறைவில் இருந்தது; கேட்டுக்கு வெளியே அவருடைய ஸ்கூட்டரை மட்டும் பார்த்தார். நின்றார். "ஐயா உள்ள ஜெபத்துல இருக்காரு. குறுக்க போகக் கூடாது" என்று மற்றவர்களிடம் கிசுகிசுத்துவிட்டு, மூவரும் குதிகால் தரையில் படாமல் திரும்பிப் போனார்கள். பூட்டால் முடியாததை ஒரு பழைய ஸ்கூட்டர் செய்தது.

போதகர் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பதறி எழுந்து கண்ணாடியைத் தேடினார். "மன்னிச்சிருங்க பிரதர், என்னமோ அசந்துட்டேன்." ஸ்கூட்டர் கதையைச் சொன்னேன். பிறகு, பாவம் செய்யத் திட்டமிடும் நல்லவர்களுக்கு வரும் அந்தத் தயக்கத்தோடு, "தங்கச்சிக்கு உதவுமுன்னா… நான் நாளைக்கும் மத்தியானம் வாரேனே" என்றார்.

வந்தார். மறுநாளும் வந்தார், அடுத்த ஞாயிறும் வந்தார், நடுவில் முடிந்தபோதெல்லாம் வந்தார். வருவார், கேட்டைத் தூக்கித் திறப்பார், வண்டியை எல்லாருக்கும் தெரியும்படி நிறுத்துவார், நாற்காலியில் சாய்வார். உள்ளே அவள் தூங்கினாள், வெளியே அவர் தூங்கினார், நடுவில் நான் நடக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். சபையில் பேச்சு பரவியது: ஐயா அந்த வீட்டுல ரொம்பப் பாரத்தோட ஜெபிக்கிறாரு, சாயங்காலம் வெளிய வரும்போது முகமே பிரகாசமா இருக்கு. ஒருநாள் போதகரின் மனைவி என்னைக் கைபேசியில் அழைத்தார்.

"தம்பி, உங்க வீட்டுல ஜெபத்துக்குப் போறேன்னு வந்தாரு. தூங்கிட்டாரா?"

நான் திருதிருவென விழித்தேன். போதகரின் மனைவியிடம் பொய் சொல்ல முடியாது. "ஆமாம்மா."

"நல்லது தம்பி. இருபது வருசமா நான் சொல்லிக் கேக்கல. எழுப்பாதீங்க." வைத்துவிட்டார்.

தவணை முடிந்து திரையில் பார்த்தபோது தந்திகள் வெறும் தந்திகளாக இருந்தன. "ஆ சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. அவள் சொன்னாள். அது பழைய குரல் இல்லை. கொஞ்சம் தாழ்ந்து, ஓரம் தேய்ந்து, புதிதாகக் குடிவந்ததுபோலக் கூச்சத்தோடு வந்தது. ஆனால் நின்றது. நடுவில் அறாமல் நின்றது. வகுப்புக்குப் போகலாம், இடுப்பில் கட்டும் சின்ன மைக்கோடு. பாட்டு இப்போதைக்குக் கிடையாது. வாரத்தில் ஒரு முழு நாள் தொண்டைக்கு விடுமுறை, ஆயுளுக்கும். "எந்த நாள்னு நீங்களே வச்சுக்கோங்க" என்றார்.

செய்தி கேட்டுச் செயலாளர் துள்ளினார். சங்கிலி ஜெபத்தின் பலன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வரும் ஞாயிறு அவள் மைக்கைப் பிடித்துச் சபைமுன் சாட்சி சொல்ல வேண்டும், நீளமாகச் சொல்ல வேண்டும். ஆராதனைக்கு முன்னால் அவரும் போதகரும் சேர்ந்தே அவளிடம் வந்தார்கள்.

"சாட்சி சொல்றீங்களாம்மா?" என்றார் போதகர்.

அவள் அன்றைக்குச் செலவழிக்க வைத்திருந்த குரலில் கொஞ்சம் எடுத்தாள். "நீங்க சொல்லுங்க ஐயா. என்னைய விட நல்லாத் தூங்குனது நீங்கதான்."

செயலாளருக்குப் புரியவில்லை. போதகருக்குக் காது வரை சிவந்துவிட்டது.

பிரசங்கம் முடிந்து அறிவிப்பு நேரம் வந்தது. போதகர் பீடத்தில் நின்று ஜெபக் குறிப்புகளைச் சொன்னார், ஒரு திருமண அறிவிப்பைச் சொன்னார். பிறகு இரண்டு கைகளாலும் பீடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நம் சகோதரிக்கு ஆண்டவர் குரலைத் திரும்பக் கொடுத்தார், எனக்கும் சிலதைக் கொடுத்தார் என்றார். அதோடு, இன்று முதல் ஞாயிறு மதியங்களில் வீடு சந்திப்பும் ஐக்கியக் கூட்டங்களும் கிடையாது; எல்லாரும் அவரவர் வீட்டில் இருங்கள் என்றார்.

யாரும் ஆமென் சொல்லவில்லை. செயலாளர் எழுந்து நின்றார், முகம் வெளிறி.

"ஏன் ஐயா? யாரும் தவறிட்டாங்களா?"

"இல்லண்ணே" என்றார் போதகர். "யாரும் தவறிறக் கூடாதுன்னுதான்."

ஆசீர்வாதம் முடிந்து வெளியே வந்த கூட்டத்துக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. ஒரு முழு மதியத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் வேப்பமரத்தடியில் கும்பலாக நின்றார்கள். அத்தை இரண்டு முறை கேட் வரை போய்த் திரும்பினார். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி, இதை எப்படிச் செயல்படுத்துறதுன்னு பேச ஒரு சின்னக் கூட்டம்…"

நானும் ஒரு கால் அவர் பக்கம் எடுத்து வைத்துவிட்டேன், பழக்கதோஷம். என் மனைவி சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றாள், சின்னக் குரலில். "நாளைக்கு முதல் பீரியடு எனக்கு."